ஓடினால் குளிரும், நின்றால் கொதிக்கும்: பழைய மாருதி 800-ன் ரேடியேட்டர் ஃபேனைச் சோதித்து மாற்ற ஒரு முழுமையான வழிகாட்டி

நாகர்கோவிலில் இருந்து புறப்பட்டு மார்த்தாண்டம் வரும்வரை வண்டி ஒரு தொந்தரவும் தருவதில்லை. டெம்பரேச்சர் முள் பாதிக்குக் கீழே அசையாமல் நிற்கும். மேம்பாலத்தில் ஏறாமல் கீழே மார்க்கெட் பக்கம் இறங்கி, பஸ்ஸுக்குப் பின்னால் பத்து நிமிடம் நகர்ந்தும் நின்றும் போனால் போதும், முள் ஏறத் தொடங்கிவிடும். ஓரம் கட்டலாமா என்று யோசிப்பதற்குள் வழி விட்டு வண்டி ஓடும், முள்ளும் தானாக இறங்கிவிடும்.

இந்த அடையாளம் ஒன்றே பாதி நோயைச் சொல்லிவிடுகிறது. வண்டி வேகமாக ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்வித்துவிடும், அப்போது ஃபேனுக்கு வேலை கிடையாது. நிற்கும்போதும் ஊர்ந்து போகும்போதும்தான் ஃபேன் சுழன்று காற்றை இழுக்க வேண்டும். ஆகவே நெரிசலில் மட்டும் சூடானால் ஃபேன் பக்கம் சந்தேகப்படுங்கள். நான்குவழிச் சாலையில் 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போதும் சூடு ஏறினால் ஃபேனை விட்டுவிடுங்கள். ரேடியேட்டர் அடைப்பு, தெர்மோஸ்டாட் (சூடானதும் திறந்து தண்ணீரை ரேடியேட்டருக்கு விடும் வால்வு), வாட்டர் பம்ப், ஹெட் கேஸ்கெட் என்று அதற்கு வேறு காரணங்கள் உண்டு.

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இதற்கு ஒரு விதிவிலக்கு இருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று பலமாக வீசும் மாதங்களில் ஆரல்வாய்மொழி கணவாயைத் தாண்டி முப்பந்தல் காற்றாலைகள் வழியே திருநெல்வேலி பக்கம் போனால், காற்று முதுகுப் பக்கம் இருந்து தள்ளும். மெதுவாகப் போகும் வண்டிக்கு எதிர்க்காற்றே இருக்காது. அங்கே 40 கிலோமீட்டர் வேகத்தில் லாரிக்குப் பின்னால் போனாலும் ஃபேன் சுழன்றாக வேண்டும். திரும்பி வரும்போது அதே வண்டி, அதே வேகம், ஆனால் முள் இறங்கி நிற்கும். போகும்போது சூடு, வரும்போது இல்லை என்றால் அதுவும் ஃபேன் பழுதின் அடையாளமே.

உங்கள் வண்டியில் எந்த ஃபேன்?

அம்பாசடர், பிரீமியர் பத்மினி போன்றவற்றில் ஃபேன், வாட்டர் பம்ப் புல்லியோடு சேர்ந்து பெல்ட்டால் சுழலும். மாருதி 800 அப்படியில்லை. எஞ்சின் குறுக்காக உட்கார்ந்திருப்பதால் முன்னால் இருக்கும் ரேடியேட்டருக்கு நேராகப் பெல்ட் ஃபேன் வைக்க முடியாது. அதனால் தனியாக ஒரு 12 வோல்ட் மோட்டார். 1983 டிசம்பரில் வெளிவந்த முதல் மாருதியில் இருந்து, 1986-ல் உருவம் மாறிய பிறகு வந்த கார்புரேட்டர் வண்டிகள் வரைக்கும் இதுதான் ஏற்பாடு. எங்கள் வீட்டில் இருப்பது 1992-ல் அப்பா வாங்கிய 800. இந்த வழிகாட்டியைப் பெரும்பாலும் அதை வைத்தே எழுதுகிறேன். பெல்ட் ஃபேன் வைத்திருப்பவர்களுக்குக் கடைசியில் ஒரு பகுதி இருக்கிறது.

மின்சார ஃபேனின் வழி எளிமையானது. பேட்டரியில் இருந்து ஃப்யூஸ், அங்கிருந்து ரிலே (சிறிய கரண்டால் பெரிய கரண்டைத் திறந்து மூடும் ஸ்விட்ச்), ரிலேயில் இருந்து மோட்டார், மோட்டாரில் இருந்து எர்த், அதாவது வண்டியின் இரும்பு உடம்பு, வழியாக மறுபடி பேட்டரி. ரிலேயை எப்போது இயக்குவது என்று முடிவு செய்வது தெர்மோ ஸ்விட்ச். தண்ணீர் ஏறத்தாழ 90 முதல் 95 டிகிரி வரும்போது அது மூடிக்கொண்டு கரண்ட்டை விடும், சில டிகிரி இறங்கியதும் திறந்து நிறுத்திவிடும். சில பழைய வண்டிகளில் ரிலேயே இருக்காது, மொத்தக் கரண்டும் ஸ்விட்ச் வழியாகவே போகும். இந்த வழியில் கரண்ட் எந்த இடத்தில் நிற்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் முழு வேலையும். அதைக் கண்டுபிடிக்காமல் புது மோட்டார் வாங்காதீர்கள்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. எங்கள் வண்டி முதன்முறை சூடானபோது ஒரு ஒர்க்‌ஷாப்பில் மோட்டார் போய்விட்டது என்றார்கள். புதிது போட்டோம். மூன்றே வாரத்தில் குழித்துறைப் பாலம் பக்கத்தில் அதே சூடு, அதே ஆவி. அப்பாவுக்கு அந்த வண்டியின் மேல் நம்பிக்கையே போய்விட்டது, விற்றுவிடலாம் என்றார். தக்கலையில் ஒரு வயதான ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் கொண்டுபோனேன். ஃபேனைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "மக்ளே, மோட்டாரைக் குத்தம் சொல்லாத. மொதல்ல எர்த்தப் பாரு" என்றார். பேட்டரி நெகட்டிவில் இருந்து ஒரு ஒயரை எடுத்து ஃபேனின் எர்த் முனையில் வைத்தார். அதுவரை முனகிக்கொண்டிருந்த ஃபேன் சட்டென்று வேகம் பிடித்தது. ஹெட்லைட்டுக்கு அடியில் எர்த் போல்ட்டைக் கழற்றிக் காட்டினார். ரிங் முழுக்கப் பச்சைக் களிம்பு. கழற்றிப் போட்ட பழைய மோட்டாரை வீட்டில் வைத்திருந்தேன். நேராகப் பேட்டரியில் கொடுத்துப் பார்த்தால், அது நன்றாகவே ஓடியது.

குளச்சல், முட்டம், மணக்குடி என்று கடலை ஒட்டி வாழ்கிறவர்களின் வண்டிக்கு முதல் எதிரி இந்த உப்புக் காற்று. அதோடு வருடத்துக்கு இரண்டு பருவமழை. குலசேகரம், திருவட்டார் பக்கம் ரப்பர் தோட்டங்களுக்குள் நிற்கும் வண்டிகளுக்கு உப்பு குறைவு என்றாலும் ஈரம் விடாது. நம் மாவட்டத்தில் ஃபேன் நின்றால் எர்த்தும், ஒயர்களை இணைக்கும் கப்ளரும்தான் முதல் சந்தேகத்துக்கு உரியவை என்பது என் கணிப்பு.

கை வைக்கும் முன்

எஞ்சின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. 0.9 என்று எழுதிய மூடி அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால், உள்ளே தண்ணீர் ஏறத்தாழ 118 டிகிரி வரை கொதிக்காமல் இருக்கும். மூடியைத் திருகிய நொடியில் அழுத்தம் போய், அத்தனையும் ஆவியாகி முகத்தில் அடிக்கும். துணியைப் போட்டுத் திறந்தாலும் இதே கதைதான். ஒரு மணி நேரம் ஆறவிடுங்கள்.

ஃபேன் பக்கம் கை போகும்போதெல்லாம் பேட்டரி நெகட்டிவைக் கழற்றி வையுங்கள். சில வண்டிகளில் சாவியை எடுத்த பிறகும் ஃபேன் திடீரென்று ஓடும். சாரம் (லுங்கி) கட்டிக்கொண்டு இந்த வேலை செய்ய வேண்டாம், தோளில் துண்டும் வேண்டாம். சுழலும் இறக்கை துணியைப் பிடித்தால் விரலையும் சேர்த்துக் கேட்கும்.

தேவையானவை: 10, 12 நம்பர் ஸ்பேனர், ஸ்டார் திருப்புளி, மல்டிமீட்டர், உப்புத்தாள், முனையில் கிளிப் போட்ட இரண்டு நீள ஒயர்கள் (2.5 ஸ்கொயர் தடிமன், ஒன்றின் நடுவில் 15 ஆம்பியர் ஃப்யூஸ்), பிறகு ஒரு டெஸ்ட் லேம்ப். டெஸ்ட் லேம்பைக் கடையில் வாங்காமல் நீங்களே செய்துகொள்ளுங்கள். 21 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒன்றில் இரண்டு ஒயர்களைச் சால்டர் செய்தால் முடிந்தது.

மல்டிமீட்டர் இருக்கும்போது பல்பு எதற்கு என்று கேட்கலாம். ஒயருக்குள் ஒரே ஒரு இழை மட்டும் மிஞ்சியிருந்தாலும் மல்டிமீட்டர் 12 வோல்ட் என்றே காட்டும், ஏனென்றால் அது கரண்ட்டை இழுப்பதே இல்லை. 21 வாட் பல்பு கிட்டத்தட்ட 2 ஆம்பியர் இழுக்கும். வழி நன்றாக இருந்தால் பளிச்சென்று எரியும், களிம்பு பிடித்திருந்தால் மங்கலாகத்தான் எரியும். மீட்டர் ஏமாந்துபோன இடத்தில் இந்தப் பல்பு உண்மையைச் சொன்னதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

சோதனை 1: தண்ணீர்

ஆறிய எஞ்சினில் மூடியைத் திறந்து தண்ணீர் கழுத்து வரை இருக்கிறதா பாருங்கள். தெர்மோ ஸ்விட்ச்சின் மூக்கு தண்ணீருக்குள் மூழ்கியிருந்தால்தான் அதற்குச் சூடு தெரியும். தண்ணீர் குறைந்தோ, காற்று அடைத்துக்கொண்டோ இருந்தால் எஞ்சின் கொதித்தாலும் ஸ்விட்ச் மூடாது, ஃபேனும் சுழலாது. இந்த ஒரு காரணத்துக்காக நல்ல ஃபேனும் நல்ல ஸ்விட்ச்சும் குப்பைக்குப் போயிருக்கின்றன.

சோதனை 2: கையால் சுற்றுதல்

பேட்டரியைக் கழற்றிவிட்டு இறக்கையை விரலால் சுற்றுங்கள். வழுக்கிக்கொண்டு இரண்டு மூன்று சுற்று வந்து நிற்க வேண்டும். கரகரவென்று உரசினாலோ, இறக்கையை மேலும் கீழும் ஆட்டினால் ஆட்டம் இருந்தாலோ மோட்டாரின் தண்டைத் தாங்கும் புஷ் தேய்ந்திருக்கிறது. இறுகிப்போய்ச் சுற்றவே மறுத்தால் மோட்டார் பிடித்துக்கொண்டுவிட்டது. அந்த மோட்டாருக்கு மேற்கொண்டு சோதனை வேண்டாம்.

சோதனை 3: மோட்டாருக்கு நேரடி கரண்ட்

மொத்தச் சோதனைகளிலும் இதுதான் முக்கியமானது. ஃபேனின் கப்ளரைப் பிரித்து, மோட்டார் பக்க முனைகள் இரண்டிலும் உங்கள் நீள ஒயர்களைக் கொடுத்து, நேராகப் பேட்டரியில் இணையுங்கள். ஃப்யூஸ் போட்ட ஒயர் பாசிட்டிவுக்கு. எந்த முனை எதற்கு என்று மாற்றிக் கொடுத்தால் ஃபேன் எதிர்த்திசையில் சுழலும், அவ்வளவுதான். ஆனால் பிறகு நினைவில் வைக்க ஒயர் நிறத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

உடனே வேகமாக ஓடினால் மோட்டார் நன்றாக இருக்கிறது, பழுது வேறு எங்கோ இருக்கிறது. ஓடவே இல்லை என்றால் மோட்டாரின் முதுகில் திருப்புளிப் பிடியால் லேசாகத் தட்டுங்கள். தட்டியதும் ஓடினால் கார்பன் பிரஷ் தேய்ந்து, மோட்டாருக்குள் சுழலும் ஆர்மேச்சரைத் தொட்டும் தொடாமலும் நிற்கிறது என்று பொருள். அந்த மோட்டாரை நம்பிப் பயணம் போகாதீர்கள்.

ஓடுகிறது என்று உடனே நிறுத்திவிட வேண்டாம். பத்து நிமிடம் ஓடவிடுங்கள். தேய்ந்த மோட்டார் குளிரில் நன்றாக ஓடி, சூடானதும் மெல்ல வேகம் குறையும். நெரிசலில் நடப்பதும் அதுதான். முனகல் சத்தம், கருகிய வாடை, மோட்டார் உடம்பில் கை வைக்க முடியாத சூடு, இவற்றில் எது வந்தாலும் மாற்றும் நேரம் வந்துவிட்டது.

சோதனை 4: தெர்மோ ஸ்விட்ச்

கப்ளரையும் பேட்டரி நெகட்டிவையும் மறுபடி மாட்டிவிட்டு ஸ்விட்ச்சைத் தேடுங்கள். வண்டிக்கு வண்டி இடம் மாறும். ரேடியேட்டரின் பக்கவாட்டிலோ, தெர்மோஸ்டாட் மூடி பக்கத்திலோ, பித்தளை உடம்போடு ஒன்று அல்லது இரண்டு ஒயர் போகும். டெம்பரேச்சர் முள்ளுக்கான சென்சாரும் பக்கத்திலேயே இருக்கலாம், இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். சாவியை ஆன் செய்து, ஸ்விட்ச்சின் ஒயர்களைக் கழற்றி இரண்டையும் ஒன்றோடொன்று தொடுங்கள். ஒற்றை ஒயர் என்றால் அதை எஞ்சின் உடம்பில் தொடுங்கள். ஃபேன் ஓடினால் ஃப்யூஸ், ரிலே, மோட்டார் எல்லாம் சரி, ஸ்விட்ச்தான் வேலை செய்யவில்லை.

அப்படியும் ஸ்விட்ச்சைத் தூக்கிப் போடும் முன் ஒன்று பாருங்கள். முள் மேலே இருக்கும்போது ரேடியேட்டரின் மேல் ஹோஸைத் துணி சுற்றித் தொட்டுப் பாருங்கள். ஹோஸ் குளிர்ந்தே இருந்தால் தெர்மோஸ்டாட் திறக்கவில்லை, சூடான தண்ணீர் ரேடியேட்டருக்கு வரவே இல்லை. ரேடியேட்டரில் பொருத்திய ஸ்விட்ச்சாக இருந்தால் அதற்கு எப்படிச் சூடு தெரியும்?

ஸ்விட்ச்சைத் தனியாகச் சோதிக்க அடுப்பங்கரை போதும். ஆறிய எஞ்சினில் அதைக் கழற்றுங்கள். தண்ணீர் கொஞ்சம் ஒழுகும், கீழே ஒரு தட்டு வைத்துக்கொள்ளுங்கள். சமையலுக்கு உதவாத பழைய பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, ஸ்விட்ச்சை நூலில் கட்டி மூக்கு மட்டும் மூழ்கும்படி தொங்கவிடுங்கள். பாத்திரத்தின் அடியில் படக்கூடாது. முனைகளில் மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்து, தெர்மாமீட்டர் ஒன்றையும் தண்ணீரில் விடுங்கள். ஸ்விட்ச்சின் ஆறுமூலைத் தலையில் பெரும்பாலும் அதன் டிகிரி பொறித்திருக்கும், அந்த எண்ணுக்குப் பக்கத்தில் மீட்டர் பூஜ்யத்துக்கு வர வேண்டும். நாம் இருப்பது கடல் மட்டத்தை ஒட்டி, இங்கே தண்ணீர் 100 டிகிரியில்தான் கொதிக்கும். தளதளவென்று கொதித்தும் ஸ்விட்ச் மூடவில்லை என்றால் அது செத்துவிட்டது. புதிது வாங்கும்போது அதே டிகிரி, அதே மரை பார்த்து வாங்குங்கள். சீக்கிரம் ஓடட்டும் என்று குறைந்த டிகிரி ஸ்விட்ச் போடுவது நல்லதல்ல. அது தெர்மோஸ்டாட் திறக்கும் சூட்டுக்குப் பக்கத்தில் வந்தால் ஃபேன் ஓய்வே இல்லாமல் ஓடித் தேயும்.

சோதனை 5: ஃப்யூஸும் ரிலேயும்

ஸ்விட்ச் ஒயரைத் தொட்டும் ஃபேன் ஓடவில்லையா? ஃப்யூஸைக் கண்ணால் பார்த்து நல்லது என்று முடிவு செய்யாதீர்கள். சாவி ஆனில், டெஸ்ட் லேம்பின் ஒரு ஒயரை எர்த்தில் வைத்து, மறு ஒயரால் ஃப்யூஸின் இரண்டு பக்கத்தையும் மாறி மாறித் தொட்டுப் பாருங்கள், இரண்டிலும் ஒரே பிரகாசம் வேண்டும். கண்ணாடிக் குழாய் ஃப்யூஸ்களில் மூடிக்கும் கிளிப்புக்கும் நடுவே களிம்பு ஏறி, ஃப்யூஸ் நன்றாக இருந்தும் கரண்ட் போகாது. ஃப்யூஸ் எரிந்திருந்தால் அதே ஆம்பியர் போடுங்கள். மறுபடி எரிந்தால் மோட்டார் இறுகியிருக்கிறது அல்லது ஒயர் எங்கோ பாடியில் உரசி எர்த் ஆகிறது. அந்த இடத்தில் செம்புக் கம்பி சுற்றுவது, சிகரெட் தாள் வைப்பது இரண்டும் வண்டியை எரிக்கும் வழிகள்.

ரிலேக்கு எளிய சோதனை, பக்கத்தில் இருக்கும் அதே நம்பர் ரிலேயை மாற்றிப் போட்டுப் பார்ப்பது. டக் என்ற சத்தம் கேட்பதால் மட்டும் ரிலே நல்லது என்று ஆகாது. உள்ளே முனைகள் கருகியிருந்தால் சத்தம் வரும், கரண்ட் போகாது. ஃபேன் நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் ரிலே முனைகள் ஒட்டிக்கொண்டிருக்கும், அல்லது ஸ்விட்ச் மூடியபடியே நின்றிருக்கும்.

உங்கள் வண்டியில் ரிலேயே இல்லை என்றால் ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள் என்பேன். ரிலேயின் 30-ஆம் முனைக்குப் பேட்டரியில் இருந்து ஃப்யூஸ் வழியாக ஒயர், 87-ல் இருந்து ஃபேனுக்கு, 86-க்குச் சாவி ஆனில் வரும் கரண்ட், 85-ல் இருந்து தெர்மோ ஸ்விட்ச் வழியாக எர்த். ஸ்விட்ச்சுக்குச் சிறிய கரண்ட் மட்டுமே வருவதால் பல வருடம் உழைக்கும்.

சோதனை 6: எர்த்

எங்கள் வண்டியைக் காப்பாற்றிய சோதனை. ஃபேன் ஓடிக்கொண்டிருக்கும்போது செய்ய வேண்டும், நின்றிருக்கும்போது எதுவும் தெரியாது. மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வையுங்கள். ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவ் கம்பத்தில் வையுங்கள், அதன் மேல் இருக்கும் கிளாம்பில் வேண்டாம். மறு முனையை ஃபேன் கப்ளரின் எர்த் ஒயரில் குத்துங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் எர்த் சுத்தம். 1 வோல்ட், 2 வோல்ட் காட்டினால் அத்தனையும் மோட்டாருக்குப் போய்ச் சேராமல் களிம்பில் வீணாகிறது. 12 வோல்ட்டில் ஓட வேண்டிய ஃபேன் 10 வோல்ட்டில் ஓடினால் பார்க்கச் சுழல்வது போலத்தான் இருக்கும், இழுக்க வேண்டிய காற்றை இழுக்காது. இதே போலப் பேட்டரி பாசிட்டிவுக்கும் ஃபேனின் பாசிட்டிவ் ஒயருக்கும் நடுவிலும் அளந்து பாருங்கள்.

சரிசெய்வது இப்படி: எர்த் போல்ட்டைக் கழற்றி, பாடியில் பெயின்ட் போய் இரும்பு பளபளக்கும் வரை உப்புத்தாளால் தேயுங்கள். பழைய ரிங்கை வெட்டிவிட்டுப் புதிது பொருத்துங்கள். வெட்டிய இடத்தில் செம்பு கருத்திருந்தால், பளபளப்பாக நல்ல செம்பு வரும்வரை ஒயரைப் பின்னுக்கு வெட்டுங்கள். இறுக்கிய பிறகு மேலே வாசலின் தடவுங்கள். எர்த் ஒயரின் இன்னொரு கிளையை நேராகப் பேட்டரி நெகட்டிவுக்கே கொண்டுபோய்விட்டால் இன்னும் நல்லது. நான் அப்படித்தான் செய்திருக்கிறேன்.

மோட்டார்தான் பழுது என்று உறுதியான பிறகு

பிரஷ் மட்டும் தேய்ந்து, ஆர்மேச்சர் வழவழப்பாக இருந்தால், மோட்டார் பிரித்து வேலை செய்யும் கடைகளில் பிரஷ்ஷும் புஷ்ஷும் மாற்றிக்கொள்ளலாம். பழைய மோட்டார்களின் உருவாக்கம் கனமானது, காப்பாற்றும் மதிப்பு உண்டு. ஆனால் பல மோட்டார்களின் மூடி பிரிக்க முடியாதபடி அடித்து மூடப்பட்டிருக்கும், வைண்டிங் கருகினாலும் பயனில்லை. அப்போது புதிது வாங்குங்கள். பழைய மோட்டாரைக் கையோடு கடைக்குக் கொண்டுபோய், இறக்கையின் விட்டம், மோட்டாரின் ஆழம், போல்ட் துளைகளின் இடைவெளி, சுழலும் திசை, கப்ளர் ஆகிய ஐந்தையும் ஒப்பிட்டு வாங்குங்கள். ஆழம் ஒரு சென்டிமீட்டர் கூடினாலும் இறக்கை ரேடியேட்டரில் உரசும். உடைத்த வண்டியில் இருந்து எடுத்த மோட்டாரை வாங்குவதாக இருந்தால் கடையிலேயே பத்து நிமிடம் ஓடவிட்டுப் பாருங்கள்.

கழற்றும் வேலை காலையில், முழுக்க ஆறிய எஞ்சினில். பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். ஒயர்கள் போகும் வழியை செல்போனில் நான்கைந்து படம் எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்து, நான் ஒருபோதும் விடாத ஒரு காரியம்: ரேடியேட்டருக்கும் ஃபேனுக்கும் நடுவில் கெட்டி அட்டை ஒன்றை நுழைத்துவிடுங்கள். ஸ்பேனர் நழுவினாலோ இறக்கை இடித்தாலோ ரேடியேட்டரின் மெல்லிய தகடுகள் நசுங்காது, குழாய் பொத்தலாகாது.

ஃபேனும் அதைத் தாங்கும் சட்டமும் பெரும்பாலும் 10 நம்பர் போல்ட்டில் ரேடியேட்டரோடு இணைந்திருக்கும். கீழ்ப் போல்ட்டுகளை முதலில் கழற்றுங்கள், மேலே இருப்பவை அதுவரை தாங்கிக்கொள்ளும். துருவேறி வராத போல்ட்டில் தேங்காய் எண்ணெயைவிடத் துரு இளக்கும் ஸ்ப்ரே நல்லது, அரை மணி நேரம் ஊறவிடுங்கள். முறுக்கி உடைத்தால் ரேடியேட்டரின் காதும் சேர்ந்து போகும். மேல் ஹோஸ் வழியை மறித்தால் மட்டும் கொஞ்சம் தண்ணீர் வடித்துவிட்டு அதைக் கழற்றுங்கள்.

வடித்த கூலன்ட்டை (ரேடியேட்டர் தண்ணீரில் கலக்கும் குளிர்விப்புத் திரவம்) முற்றத்தில் ஊற்ற வேண்டாம். அதில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிப்பானது, விஷமும்கூட. நாயும் கோழியும் ஆடும் அதைக் குடித்துவிடும். நம் வீடுகளில் கிணறும் பக்கத்திலேயே இருக்கிறது. மூடி போட்ட கேனில் பிடித்து, குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

ஃபேன் வெளியே இருக்கும்போது ரேடியேட்டரின் பின்பக்கம் முழுதாகத் தெரியும். இந்த வாய்ப்பு தினமும் கிடைக்காது. வண்டும் சருகும் மணலும் தகடுகளில் அடைத்திருக்கும். தோட்ட ஹோஸை மெதுவாகத் திறந்து, எஞ்சின் பக்கத்தில் இருந்து முன்பக்கமாக, வந்த வழியே குப்பை வெளியேறும்படி கழுவுங்கள். கார் வாஷ் பிரஷர் தண்ணீர் தகடுகளை மடக்கிவிடும்.

இறக்கையைப் பழைய மோட்டாரில் இருந்து எடுக்கும்போது நடு நட்டைக் கவனியுங்கள். சில ஃபேன்களில் அது இடது மரை, வழக்கமான திசையில் திருகினால் கழலாமல் மேலும் இறுகும். இறக்கையின் அடிப்பாகத்தில் மயிரிழை வெடிப்பு இருந்தால் புதிது போடுங்கள். முப்பது வருடச் சூட்டில் பிளாஸ்டிக் முறுகிப்போயிருக்கும், ஓடும்போது உடைந்த துண்டு நேராக ரேடியேட்டரில்தான் பாயும்.

பொருத்தும்போது எல்லாப் போல்ட்டையும் கையால் நான்கு மரை ஏற்றிய பிறகு ஸ்பேனர் பிடியுங்கள். அட்டையை எடுத்துவிட்டு இறக்கையைக் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றி, எங்கும் உரசவில்லை என்று பாருங்கள். கப்ளர் முனைகளைச் சுத்தம் செய்து மாட்டுங்கள், ஒயரை ஹோஸிலும் இறக்கையிலும் படாமல் கட்டுங்கள். கடைசியாகப் பேட்டரி.

இப்போது தெர்மோ ஸ்விட்ச் ஒயரைத் தொட்டு ஃபேனை ஓடவிட்டு, ரேடியேட்டருக்கு முன்னால் கிரில் பக்கம் ஒரு செய்தித்தாள் துண்டைக் காட்டுங்கள். எஞ்சின் பக்கம் நின்று இழுக்கும் ஃபேன் தாளை ரேடியேட்டரோடு ஒட்டவைக்க வேண்டும். தாள் பறந்து விலகினால் திசை மாறிவிட்டது, இரண்டு ஒயரையும் இடம் மாற்றுங்கள். எதிர்த்திசையில் சுழலும் ஃபேன், ஓடும் வண்டியின் காற்றோடு சண்டை போடும். ஃபேன் இல்லாததைவிட அது மோசம்.

தண்ணீர் வடித்திருந்தால் கூலன்ட்டும் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி கலந்து நிரப்புங்கள். கடலோரக் கிணற்றுத் தண்ணீரும் போர் தண்ணீரும் வேண்டவே வேண்டாம், அதன் உப்பு ரேடியேட்டருக்குள் படிந்து அடைக்கும். மூடி திறந்தபடி எஞ்சினை ஸ்டார்ட் செய்து, ஹீட்டர் இருந்தால் முழுச் சூட்டில் வைத்து, குமிழி நிற்கும்வரை நிரப்பிக்கொண்டே வாருங்கள். எஞ்சின் சூடேறும் முன்பே மூடிவிடுங்கள்.

பெல்ட் ஃபேன் வண்டிகள்

அம்பாசடர், பத்மினியில் முதலில் பெல்ட்டைப் பாருங்கள். இரண்டு புல்லிகளுக்கு நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் ஏறத்தாழ 10 முதல் 15 மில்லிமீட்டர் இறங்கலாம். அதற்கு மேல் தொய்ந்தால் வழுக்கும், ஃபேனும் வாட்டர் பம்ப்பும் சேர்ந்து மெதுவாகும். எஞ்சின் நின்றிருக்கும்போது இறக்கையைப் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் வாட்டர் பம்ப் பேரிங் போய்க்கொண்டிருக்கிறது, அதன் அடியில் தண்ணீர்க் கசிவும் தெரியும். பம்ப் வேலை முடிந்து வந்த வண்டியில் திடீரென்று சூடு கூடினால், இறக்கையை முன்பின் மாற்றிப் பொருத்திவிட்டார்களா என்று பாருங்கள்.

இந்த வண்டிகளில் கூடுதலாக மின்சார ஃபேன் வைக்க ஆசைப்படுகிறவர்கள், டைனமோ வண்டியா ஆல்டர்னேட்டர் வண்டியா என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். டைனமோ, எஞ்சின் ஐடிலில் நிற்கும்போது ஏறக்குறைய ஒன்றும் கொடுக்காது. ஃபேன் தேவைப்படுவதும் அப்போதுதான். நெரிசலில் பேட்டரியே காலியாகி, வண்டி நின்றால் செல்ஃப் எடுக்காது. மிகப் பழைய சில வண்டிகளில் பாசிட்டிவ் எர்த்தும் இருக்கும், ஒயர் கொடுக்கும் முன் பேட்டரியில் எந்த முனை பாடிக்குப் போகிறது என்று பார்த்துவிடுங்கள்.

வழியில் ஃபேன் நின்றுவிட்டால்

ஏசியை அணையுங்கள். ஹீட்டர் இருந்தால் முழுதாகப் போடுங்கள், வியர்த்தாலும் பரவாயில்லை, எஞ்சின் சூட்டில் ஒரு பங்கை அது வெளியே எடுத்துவிடும். முள் சிவப்பைத் தொட்டால் ஓரம் கட்டி அணைத்து, பானெட்டைத் திறந்து வையுங்கள். எஞ்சின் மேலோ ரேடியேட்டரிலோ பச்சைத் தண்ணீர் ஊற்றாதீர்கள், சூடான உலோகம் வெடிப்பு விடும். நன்றாக ஆறிய பிறகு, ஃப்யூஸ் போட்ட அந்த நீள ஒயரால் பேட்டரியில் இருந்து ஃபேனுக்கு நேரடியாகக் கொடுத்து வீடு சேர்ந்துவிடலாம். வீடு வந்ததும் கழற்ற மறக்காதீர்கள், இல்லையென்றால் காலையில் பேட்டரி இருக்காது. இதற்காகவே அந்த இரண்டு ஒயர்களும் எங்கள் வண்டியின் டிக்கியில் நிரந்தரமாகக் கிடக்கின்றன.

வேலை முடிந்த அன்றே ஒரு கடைசிச் சோதனை. பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து, நிழலில் நிறுத்தி எஞ்சினை ஐடிலில் விட்டு, கைக்கடிகாரத்தோடு பக்கத்தில் நில்லுங்கள். முள் பாதியைத் தாண்டும்போது ஃபேன் தானாக ஓட வேண்டும், சில நிமிடங்களில் முள்ளை இறக்கிவிட்டுத் தானாக நிற்க வேண்டும். இப்படி மூன்று முறை ஓடி நின்றால் போதும். எர்த் போல்ட்டில் தடவிய வாசலினை மட்டும் ஒவ்வொரு மழைக்காலம் முடிந்ததும் துடைத்து, களிம்பு இல்லை என்று பார்த்து, புதிதாகத் தடவிவிடுங்கள்.